ஆர்வில் வைத்த பெயர்

சிம்ஸ் ஊற்றில் அந்த மீனுக்கு லூடி என்று பெயர். ஊற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், தகரக் கூரை போட்ட வீட்டில் இருக்கும் அம்மாளுக்கும் லூடி என்றுதான் பெயர். எது முந்தி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அம்மாள்தான் முந்தி. அவள் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக இருந்தபோது அவள் பெயரை எடுத்து மீனுக்கு வைத்துவிட்டார்கள். வைத்துவிட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வதும் தப்பு. வைத்தது ஒரே ஒருவன். ஆர்வில் ஹார்ஜிஸ். பிற்பாடு அவளைக் கட்டிக்கொண்டவனும் அவனேதான்.

அதனால்தான் அந்தச் சித்திரை வெயில் காலத்தில் பல்கலைக்கழகத்து டாக்டர் ஹாலிஸ்டர் வந்து, சேறு படிந்த பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு, காலுறையோடு சமையலறைக்குள் நுழைந்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றபோது லூடிக்குச் சுருக்கென்றது.

"மிஸ் லூடி, நல்ல சேதி கொண்டுவந்திருக்கேன். உங்க ஊத்துல இருக்கிறது கில்லிங்கிற பொடி மீன் வகையில ஒரு புது மீன். இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல. நான் அதுக்குப் பேர் வைக்கப் போறேன்" என்றார்.

"பேரா? அதுக்குத்தான் பேர் இருக்கே."

"அதேதான்! அந்தப் பேரையே வைக்கிறேன். லத்தீன் முறைக்குப் பேரோட வாலைக் கொஞ்சம் மாத்தணும், அவ்வளவுதான். உலகத்துல எந்த மூலையில எவன் இந்த மீனைப் பத்திப் பேசினாலும் உங்க பேரைச் சொல்லித்தான் ஆகணும்."

அவள் மோர் டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். "அப்போ பேர் வெச்சது யாருன்னு போடுவீங்க?"

"மீன் பேருக்குப் பின்னால என் பேரும் வருஷமும் வரும். அது விதி. யார் முதல்ல அச்சுல எழுதறாங்களோ அவங்கதான் பேர் வெச்சவங்க."

"நீங்க வைக்கலையே. ஆர்வில் வெச்சது."

டாக்டர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். நல்ல மனுஷர்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு வருடமாக ஊற்றில் வலை போட்டும், பிடித்த மீனில் பாதிக்கு மேல் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போகிறவர். லூடி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அவள் சிரிக்கிற நிலையில் இல்லை. ஆர்வில் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. கீரை பயிரிட்டுப் பிழைத்தவன் அவன். அவன் கையால் கட்டிய கீரைக் கொட்டகை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. பாத்திகளைக் கரம்பாய் விட்டாயிற்று. இந்தப் பூமியில் அவன் வந்து போனதற்கு ஊர் வாயில் மிச்சம் இருப்பது அந்த ஒரு பெயர்தான். அதையும் தூக்கி இன்னொருவர் கணக்கில் எழுதுவார்கள் என்றால் எப்படிப் பொறுக்கும்?

டாக்டர் மோரைக் குடித்து முடித்தார். "விதியை நான் மாத்த முடியாது. ஆனா இந்தப் பேரை ஏன் தேர்ந்தெடுத்தோம்னு சொல்ல ஒரு பத்தி உண்டு. அதுல உங்க வீட்டுக்காரர் பேரைத் தாராளமா எழுதலாம். அவர்தான் வெச்சார்னு. ஆனா சும்மா வெச்சார்னு எழுதினா அச்சிடறவங்க ஒத்துக்க மாட்டாங்க. ஏன் வெச்சார்? அதைச் சொல்லுங்க, எழுதிடறேன்."

லூடி டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

யோசிக்க என்ன இருக்கிறது, ஊருக்கே தெரிந்த காரணம்தானே என்று டாக்டர் நினைத்திருப்பார். ஊருக்கே தெரிந்த காரணம் ஒன்று உண்டுதான். அதுதான் வம்பு.

எங்கள் பக்கத்தில் ஹோப்வெல் சபைக்காரர்களுக்கு முழுக்குதான் ஞானஸ்நானம். தெளிப்பதெல்லாம் மெத்தடிஸ்ட்காரர்களோடு சரி. தலை முதல் கால்வரை தண்ணீருக்குள் போய்வர வேண்டும், ஒரு முடி வெளியே இருந்தாலும் கணக்கில் சேராது என்று பிரசங்க மேடையிலிருந்து அடித்துச் சொல்வார்கள். சொல்லித்தான் வளர்ந்தோம். ஆகஸ்ட் மாத எழுப்புதல் கூட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மனம் திரும்பியவர்களையெல்லாம் வரிசையாகச் சிம்ஸ் ஊற்றுக்கு நடத்திப் போவார்கள். கரையில் பாட்டு. சிக்கமோர் மரத்துக் கிளையெல்லாம் பையன்கள். மரத்தடியில் மேசை போட்டு, பொரித்த கோழியும் பச்சைப் பட்டாணியும் எலுமிச்சைப் பானமும் ஈ மொய்க்காமல் துணி மூடிக் காத்திருக்கும்.

முழுக்குக்குப் போகும் பெண் பிள்ளைகளின் கவுன் விளிம்பில் தாய்மார்கள் தூண்டில் ஈயக் குண்டுகளைத் தைத்துவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் கவுனுக்குள் காற்றுப் புகுந்து குடையாய் விரிந்துவிடும். மானம் போய்விடும். லூடியின் அம்மாவும் தைத்துத்தான் வைத்திருந்தாள். ஐந்து அக்காமார்களுக்கும் தைத்த கை அது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்கு ஆற்றில் கெளுத்தி மீன் நன்றாகக் கடிக்கிறது என்று தகவல் வந்தது. குண்டு தேடினார். வீட்டில் குண்டு இருந்த ஒரே இடம் மகளின் கவுன் விளிம்பு. பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்து சொல்லவும் இல்லை. கெளுத்தி மட்டும் காலையில் வாளியில் கிடந்தது.

பிரதர் ஸ்டாலிங்ஸுக்கு அப்போதே வயது எழுபதைத் தாண்டியிருந்தது. இடது கண்ணில் புரை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு லூடியின் முதுகைத் தாங்கிப் பின்னால் சாய்த்தார். தீவன மூட்டைத் துணியில் தைத்துக் கஞ்சி போட்டிருந்த புதுக் கவுன் உப்பென்று ஊதிக்கொண்டது. இரண்டு காலும் மேலே வந்துவிட்டன. கரையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மறுபடி சாய்த்தார். மறுபடி மிதந்தாள். பிரதருக்குப் பொறுமை போய்விட்டது. மூன்றாம் தடவை அவளை நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு தோளையும் பிடித்து, பீப்பாய்க்கு மூடி அமுக்குவது போல நேர் கீழே அமுக்கினார். "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். "ஆமென்!" என்று கரை முழுக்கக் கத்தியது. பாட்டு ஆரம்பித்துவிட்டது.

லூடி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தண்ணீருக்குள் இருந்தாள். காதில் ஊற்று இரைந்தது. மூக்கில் தண்ணீர் ஏறியது. உச்சந்தலையில் மட்டும் வெயில் சுட்டது.

அந்தச் சூடு அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கரையேறி அம்மா போர்த்திய போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே கையைத் தலைக்குக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். வகிட்டில் அரை டாலர் நாணயம் அளவுக்கு உலர்ந்து கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திரும்பவும் இறங்க வேண்டும், அத்தனை பேர் முன்னாலும் திரும்பவும் காலைத் தூக்கிக்கொண்டு மிதக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்று தேற்றிக்கொண்டாள். ஆண்டவர் பார்த்திருப்பார் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது.

அடுத்த வாரமே பையன்கள் ஊற்றில் மீனைக் காட்டி "லூடி! லூடி!" என்று கத்த ஆரம்பித்தார்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன். ஊற்றுக்கீரைத் தண்டுகளுக்கு நடுவே தண்ணீரின் மேல் தோலிலேயே நீந்தும், அடிக்குப் போகவே போகாது. முதலில் அப்படிக் கூப்பிட்டவன் ஆர்வில் ஹார்ஜிஸ் என்று தெரிந்தது. ஊருக்குக் காரணம் கேட்கவா வேண்டும்? முக்கினாலும் முங்காத பெண், முங்காத மீன். பள்ளிக்கூடத்தில், கடைத்தெருவில், சபை வாசலில், "என்ன லூடி, இன்னிக்கு மேல இருக்கியா, கீழ இருக்கியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அவள் ஆர்விலைப் பார்த்தாலே கல்லைத் தேடினாள்.

கல் எறிந்தவளைத்தான் பிற்பாடு கட்டிக்கொண்டான். அதை அவனே சபை விருந்துகளில் எழுந்து நின்று சொல்வான். ஆர்வில் வாயில் ஒரு பேச்சுத் தங்காது. கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு என்ன வாங்கியிருக்கிறான் என்பதைப் பொட்டலம் கட்டுவதற்குள் உளறிவிடுவான். கீரை வாங்க வரும் தரகனிடம் தன் கடைசி விலையை முதலிலேயே சொல்லிவிட்டு நிற்பான். பக்கத்து வீட்டு மாட்டுக்குச் சீக்கு என்றால் மாட்டுக்காரனுக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்திருக்கும், எல்லாம் ஆர்வில் தயவு.

அவர்கள் பழகியது கீரைப் பாத்தியில். அவள் பதினெட்டில் வேலைக்கு வந்தாள். எங்கள் ஊற்றுக்கீரை, ஊற்றுத் தண்ணீர் ஓடும் பாத்தியில் வளரும் குளிர்காலத்துப் பயிர். வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது ஊற்றிலிருந்து ஆவி எழும்பும். தொடை வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, குனிந்து, இடது கையால் கொத்தைப் பிடித்து வலது கையால் அறுத்து, கட்டுப் போட்டு, மிதக்கும் பலகையில் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். விரல் மரத்துப்போனால் வாயில் வைத்து ஊதிக்கொள்வார்கள். பனிக்கட்டி போட்ட பீப்பாயில் ஏறி அந்தக் கீரை ரயிலில் சிகாகோ போகும். அங்கே பெரிய ஓட்டல்களில் இறைச்சிக்குப் பக்கத்தில் அலங்காரத்துக்கு வைத்துவிட்டுத் தின்னாமல் தள்ளிவிடுவார்களாம். நாங்கள் பன்றிக் கொழுப்பைச் சூடாக மேலே ஊற்றி, சோள ரொட்டியோடு ஒரு இலை விடாமல் தின்போம்.

அப்படி ஒரு காலையில், அடுத்தடுத்த பாத்தியில் குனிந்திருக்கும்போது, லூடி நிமிர்ந்து நேராகவே கேட்டுவிட்டாள். "என் பேரை ஏன்டா மீனுக்கு வெச்சே? நான் மிதந்தா உனக்கென்ன நஷ்டம்?"

ஆர்வில் கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகினான். "மிதந்ததுக்கு வைக்கல."

"பின்னே?"

"அன்னிக்கு நான் சிக்கமோர் கிளையில உனக்கு நேர் மேல இருந்தேன். மூணாவது தடவை பிரதர் அமுக்கும்போது எல்லாம் உள்ள போச்சு. உன் உச்சி மட்டும் போகல. வகிடு வெள்ளையாத் தெரிஞ்சுது. மறுநாள் இதே பாத்தியில கீரையை விலக்கினேன். இந்த மீன் நின்னுக்கிட்டிருந்துச்சு. மேல இருந்து பாரு, தலையில அதே வெள்ளை. சின்னப் பொட்டு. அதான் லூடின்னேன்."

அவள் தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். கீரை வேருக்கு நடுவே ஆறேழு வெள்ளைப் பொட்டுகள் அசையாமல் நின்றன. ஆறு வருடமாக ஒருவருக்கும் தெரியாது என்று பொத்தி வைத்திருந்தது, இந்த ஓட்டை வாயன் கையிலா இருந்திருக்கிறது!

"ஊர்ல மிதந்ததாலன்னு சொல்றாங்களே. நீ ஏன் திருத்தல?"

"திருத்தினா உன்னைத் திரும்ப முக்குவாங்க. மூணு தடவைக்கே நீ உதறிக்கிட்டிருந்தே, நான் பார்த்தேனே."

"யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்ல."

"ஆர்வில்."

"சத்தியமா இல்ல, லூ."

அவன் சத்தியத்தை அவள் நம்பவில்லை. நம்பாமலே அடுத்த இலையுதிர் காலத்தில் கட்டிக்கொண்டாள்.

வேறு யாருக்குத் தெரியுமோ தெரியாதோ, அவன் அக்கா க்ளோட்டீலுக்குத் தெரியும் என்று லூடி முடிவுகட்டி வைத்துக்கொண்டாள். தாயில்லாத தம்பியை வளர்த்தவள் அவள். அவளிடம் அவன் மறைத்தது என்று எதுவும் இருக்க முடியாது. சபையில் பெண்கள் குழுவுக்குத் தலைவி. வேதத்தில் எதற்கும் வசனம் சொல்வாள், விட்டுக்கொடுத்தல் என்ற வசனம் மட்டும் அவளுக்கு மறந்துவிடும். கல்யாணத்தன்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டே லூடியின் தலையைக் குனிந்து பார்த்து, "வகிடு சரியில்லையே" என்றாள். லூடி முக்காட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். அன்றைக்குத் தொடங்கியது அந்தப் பயம். சபையில் க்ளோட்டீல் திரும்பிப் பார்த்தால் தலையைப் பார்க்கிறாள் என்று தோன்றும். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு இயேசு யோர்தான் நதியில் முழுக்கெடுத்த கதை சொல்லும்போது அவள் கதவருகே நின்றால் லூடி பாதியில் நிறுத்திப் பாட்டுக்குத் தாவிவிடுவாள். கோடையிலும் தொப்பியைக் கழற்ற மாட்டாள்.

உள்ளுக்குள்ளும் அது அறுத்துக்கொண்டே இருந்தது. பாத்தியில் வழுக்கி எத்தனையோ தடவை முழுசாக நனைந்து எழுந்திருக்கிறாள். உச்சியெல்லாம் சொட்டச் சொட்ட நின்றிருக்கிறாள். அதெல்லாம் கணக்கில் வருமா? வார்த்தை சொல்லி முக்கினால்தானே முழுக்கு.

ஆனாலும் அந்த வருடங்கள் நல்ல வருடங்கள். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவளுக்கு அதுதான் நினைவுக்கு வரும். ஆவி பறக்கும் தண்ணீர், பலகையில் பச்சைக் கட்டுகள், முன்னால் அவன் முதுகு. பாத்தியில் இறங்கியதும் கீரையை விலக்கி, "லூடி, உங்க ஆளுங்க எல்லாம் வந்தாச்சு" என்பான். "ரெண்டு லூடிக்கும் ஒரே தண்ணிதான். ஒண்ணுதான் எனக்கு ரொட்டி சுட்டுத் தருது" என்பான். ஒரே வேடிக்கையை முப்பது வருடம் சொன்னான். அவளும் முப்பது வருடம், "போதும், குனிஞ்சு வேலையப் பாரு" என்றாள். இன்றைக்கு அதை ஒரே ஒரு தடவை கேட்க அவள் என்ன வேண்டுமானாலும் கொடுப்பாள்.

பிறகு ரயில் நின்றது. ஓட்டல்கள் வேறு எங்கிருந்தோ கீரை வாங்கின. கடைசியில் ஈரமும் குளிரும் சேர்ந்து ஆர்விலின் நெஞ்சைப் பிடித்தன. ஆஸ்பத்திரியில் லூடியும் க்ளோட்டீலும் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். அவன் போனபோது இருந்தவள் க்ளோட்டீல். லூடி துணி மாற்ற வீட்டுக்கு வந்திருந்தாள். அதற்காக லூடி அவளை மன்னிக்கவும் இல்லை, மன்னிக்க அதில் குற்றமும் இல்லை.

இப்போது டாக்டர் கேட்கிறார், ஏன் வைத்தார் என்று. ஊர் சொல்லும் காரணத்தைக் கொடுத்தால் ஆர்வில் ஒரு சின்னப் பெண்ணைக் கேலி செய்த பையனாகப் புத்தகத்தில் ஏறுவான். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. உண்மையைக் கொடுத்தால், இத்தனை வருடம் ஞாயிறு பள்ளி நடத்திய அம்மாள் சரியாக முழுக்கே எடுக்காதவள் என்று ஊரெல்லாம் தெரியும். ஒன்றும் கொடுக்காவிட்டால் ஆர்வில் பெயர் இல்லை. இதை மாவு பிசையும்போது யோசித்தாள், துணி உலர்த்தும்போது யோசித்தாள். கடைசியில் உண்மையையே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். நான் எத்தனை நாள் இருக்கப் போகிறேன், அவன் பெயர் நிற்கட்டும் என்று எண்ணிக்கொண்டாள்.

ஆனால் அச்சில் வருவதற்கு முன்னால் க்ளோட்டீலிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சபை முதலில் போய் நிற்கப்போவது அவள் வாசலில்தான்.

கல்லறை அலங்கார ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. க்ளோட்டீலின் சமையலறை மேசை முழுக்கச் சுருக்குக் காகித ரோஜாக்கள். அடுப்பில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. மழை பெய்தாலும் சாயம் போகாமல் இருக்கப் பூக்களைத் தலைகீழாக மெழுகில் முக்கி எடுத்துக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். இந்த வேலையை இருவரும் வருடா வருடம் சேர்ந்து செய்தாக வேண்டும். பேசாமலே செய்வார்கள்.

"முழுசா முக்குடி. இதோ பாரு, ஒரு இதழ் விட்டுப்போச்சு" என்றாள் க்ளோட்டீல். எண்பதை நெருங்கும் வயதிலும் குரல் தளரவில்லை.

லூடி பூவைத் திரும்ப முக்கினாள். "சிஸ்டர், அந்த மீன்காரர் ஆர்விலைப் பத்தி எழுதப் போறார். ஏன் அந்தப் பேர் வெச்சான்னு கேக்கறார். நிஜத்தைச் சொல்லிடலாம்னு இருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்சதுதான். சபையில கேப்பாங்க, அதான் முன்னாடியே சொல்லி வைக்கிறேன்."

"எனக்கு என்ன தெரிஞ்சது?"

"என் உச்சி நனையாதது."

"எந்த உச்சி? என்னடி உளர்றே?"

லூடி நிமிர்ந்து பார்த்தாள். நடிப்பு இல்லை. க்ளோட்டீலுக்கு நடிக்கவும் வராது. வேறு வழியில்லாமல், மெழுகு கொதிக்க ஆரம்பித்ததையும் கவனிக்காமல், லூடி எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா எடுத்துக்கொண்டுபோன ஈயக் குண்டு, உச்சியில் சுட்ட வெயில், சிக்கமோர் கிளை, வெள்ளைப் பொட்டு.

க்ளோட்டீல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கையில் இருந்த ரோஜா மடியில் விழுந்தது. "அப்போ நீ... இத்தனை வருஷமா..." என்று ஆரம்பித்தாள். முகம் சபை முகமாக இறுகியது. லூடி காத்திருந்தாள், வசனம் வரும் என்று. வசனம் வரவில்லை.

"ஆர்வில் பார்த்தானா? மேல இருந்து?"

"பார்த்தான்."

"என்கிட்ட சொல்லலையே."

"சொல்லியிருப்பான்னு நெனச்சேன். உங்க தம்பியாச்சே. வாயில எது தங்கிச்சு?"

"எதுவும் தங்கல!" க்ளோட்டீல் மேசையைத் தட்டினாள். பூக்கள் உருண்டன. "எதுவுமே தங்கல. ஆஸ்பத்திரியில அந்தக் காய்ச்சல்ல ராத்திரி பகலா பேசினான். உனக்குத் தெரியாது, நான் சொல்லல. சின்ன வயசுல என் சீப்பை உடைச்சதைச் சொன்னான். சபைத் தரைக்குக் கீழ ஆப்பிள் சாராயம் ஒளிச்சு வெச்சதைச் சொன்னான். என் புருஷன் ஹோபார்ட் கோவேறு கழுதையைச் சீட்டாட்டத்துல தோத்துட்டு, திருடு போச்சுன்னு என்கிட்ட கதை விட்டானே, அதைக்கூடச் சொல்லிட்டான். செத்த மனுஷன் ரகசியத்தைக்கூட விட்டு வைக்கல. ஞாபகத்துல இருந்த அத்தனையும் கொட்டினான், லூடி. நான் பக்கத்துலயே இருந்தேன்."

அவள் குரல் உடைந்தது.

"இதை மட்டும் சொல்லல."

அடுப்பில் மெழுகு பொங்கிப் புகைந்தது. லூடி எழுந்து அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டுத் திரும்பத் தெரியாமல் அங்கேயே நின்றாள். சத்தியமாக இல்லை என்று அவன் சொன்னதும், அவள் நம்பாததும், நம்பாமல் இத்தனை வருடம் இந்தக் கிழவியின் பார்வைக்குப் பயந்து தொப்பிக்குள் ஒளிந்ததும் ஒன்றாகச் சேர்ந்து அவளை அழுத்தின.

"கல்யாணத்தன்னிக்கு என் வகிடு சரியில்லன்னீங்களே?" என்றாள் மெதுவாக.

"சரியில்லதான். கோணலா இருந்துச்சு." க்ளோட்டீல் மூக்கைச் சிந்தினாள். "இப்பவும் கோணல்தான்."

லூடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பைப் பார்த்து க்ளோட்டீலுக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தோள் குலுங்க, மேசைக்கு இருபுறமும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது எது சிரிப்பில் வந்தது, எது அழுகையில் வந்தது என்று பிரிக்க முடியவில்லை.

"பயமா இருக்கா உனக்கு? உச்சியை நெனச்சு?" என்றாள் க்ளோட்டீல் கொஞ்சம் கழித்து.

"இருந்துச்சு. பன்னிரண்டு வயசுல இருந்து."

"வேணும்னா ஊத்துக்கு வா. நானே முக்கி விடறேன். வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியும். பொம்பளை முக்கக் கூடாதுன்னுவாங்க. சொல்லிட்டுப் போறாங்க."

ஹோப்வெல் சபையில் க்ளோட்டீல் இப்படி ஒரு பேச்சுப் பேசுவாள் என்று யாராவது சொன்னால் லூடி நம்பியிருக்க மாட்டாள். அவள் கையை நீட்டிக் கிழவியின் மெழுகு படிந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம், சிஸ்டர். நனைஞ்சுட்டா ஆர்வில் வெச்ச பேர் பொய்யாயிடும்."

"அதுவும் சரிதான்." க்ளோட்டீல் மடியில் கிடந்த ரோஜாவை எடுத்து நிமிர்த்தினாள். "அந்த மீன்காரர்கிட்ட நீ சொல்லாதே. அவன் வாயே இதைக் காப்பாத்தி வெச்சிருக்கு. நம்ம ரெண்டு பேர் வாய்க்கு என்ன கேடு?"

ஜூன் மாதத்தில் டாக்டர் ஹாலிஸ்டர் திரும்ப வந்தார். பூட்ஸைக் கழற்றினார், மோர் குடித்தார், பேனாவை எடுத்தார்.

"சொல்லுங்க, மிஸ் லூடி. ஏன் வெச்சார்?"

"ஊர்ல ஒரு காரணம் சொல்லியிருப்பாங்களே?"

"நீங்க மிதந்த கதை. கேட்டிருக்கேன். நல்ல கதை."

"அது இல்லன்னு எழுதுங்க."

"பின்னே எது?"

"அது ஆர்விலோடது."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் இன்று தொப்பி போடவில்லை. நரைத்த தலையை நடுவில் வகிடெடுத்து, வழக்கம்போலக் கோணலாக, பின்னால் கட்டியிருந்தாள். "உங்களுக்குத் தெரியும், இல்லையா?" என்றார்.

"தெரியும்."

"சொன்னா பத்தி நல்லா இருக்கும்."

"அவன் சொல்லாம வெச்சிருந்ததை நான் சொல்லவா? எழுதறதுன்னா இப்படி எழுதுங்க. இல்லேன்னா வேற பேர் பாருங்க. ஊத்துல நிறைய நத்தை இருக்கு, ஏதாவது நத்தைப் பேர் வெச்சுக்குங்க."

டாக்டர் பேனாவைத் திறந்து மூடினார், மறுபடி திறந்தார். அச்சிடுகிறவர்களோடு அவர் எப்படிச் சண்டை போட்டார், எத்தனை தடவை போட்டார் என்பது எங்களுக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை. மறு வருடம் கீரை பூக்கிற சமயத்தில் அச்சான பிரதியைக் கையோடு கொண்டுவந்து லூடியிடம் கொடுத்தார். முன்பக்கத்தில் மீனின் படம், மேலிருந்து பார்த்தபடி வரைந்தது. கீழே அவர் பெயரும் வருடமும், விதிப்படி. லூடி அதையெல்லாம் புரட்டிக்கொண்டு போய், அவர் மடித்து வைத்திருந்த பக்கத்தில் நின்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் வைத்து வாசித்தாள்.

"சிம்ஸ் ஊற்று மக்கள் வழங்கிவரும் பெயரே இங்கு கொள்ளப்பட்டது. இம்மீனுக்கு முதலில் இப்பெயரை இட்டவர் அவ்வூர்க் கீரை விவசாயி ஆர்வில் ஹார்ஜிஸ். ஊரார் கூறும் காரணம் சரியானதன்று. சரியான காரணத்தை அவர் வெளியே சொன்னதில்லை."

அவள் விரல் ஆர்வில் என்ற சொல்லுக்குத் திரும்பிப் போய் அங்கேயே இருந்தது.

"அந்த ஓட்டை வாயனைத் தெரிஞ்ச ஒருத்தரும் இந்தக் கடைசி வரியை நம்ப மாட்டாங்க, டாக்டர்" என்றாள். சவ அடக்கத்தன்றுகூட அழாத லூடி, சொல்லி முடிப்பதற்குள் வாய்விட்டு அழுதாள்.